சிறுத்தை வேறு, சிவிங்கி வேறு

கேள்வி: மத்தியப் பிரதேசத்தில் இருக்கும் குனோ காட்டுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து சிறுத்தை கொண்டுவந்தார்கள் என்று மூன்று வருடமாகச் செய்தி ஓடுகிறது. நம் நாட்டில் இல்லாத சிறுத்தையா? வால்பாறையில், கூடலூரில் வீட்டு வாசல் வரை வருகிறதே, அதற்கு எதற்கு விமானம்? சிலர் சிவிங்கி என்று எழுதுகிறார்கள். அது ஒட்டகச்சிவிங்கி இல்லையா? யாராவது விளக்குங்கள்.

டிசம்பர் 2, இரவு

விமானத்தில் வந்தது சிறுத்தை இல்லை, சிவிங்கிப்புலி. இந்தியில் சீத்தா என்பதும் ஆங்கிலத்தில் சீட்டா என்பதும் அதைத்தான். வால்பாறையில் கோழிக்கும் நாய்க்கும் வருவது சிறுத்தை. இந்தியில் அதற்குத் தேந்துவா என்று தனிப்பெயர் இருக்கிறது. பூனைக் குடும்பம், மஞ்சள் தோல், கறுப்புப் புள்ளி, இவ்வளவுதான் இரண்டுக்கும் பொது. உறவுமுறை பார்த்தால் சிறுத்தைக்குப் புலியும் சிங்கமும் பங்காளிகள். சிவிங்கிக்கு நெருங்கிய சொந்தம் அமெரிக்கக் கண்டத்துப் பூமா.

படத்தில் பிரித்தறிய முகத்தைப் பாருங்கள். சிவிங்கிக்குக் கண்ணின் உள்மூலையிலிருந்து வாய் வரை ஒரு கறுப்புக் கோடு இறங்கும், அழுது மை வழிந்த மாதிரி. சிறுத்தைக்கு அது கிடையாது. சிவிங்கியின் புள்ளி முழுப் பொட்டு. சிறுத்தையின் உடம்பில் இருப்பவை நடுவில் வெளிறி, சுற்றிலும் உடைந்த வளையமாக இருக்கும். சிவிங்கிக்குத் தலை சின்னது, கால் நீளம், வயிறு ஒட்டியிருக்கும். இரையைக் கவ்விக்கொண்டு மரம் ஏறுகிற கழுத்தும் தோளும் சிறுத்தைக்குத்தான்.

இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து எட்டு சிவிங்கிகள் வந்து இறங்கின. அன்று மாலை என் அத்தை போன் செய்தார். வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர், இன்னும் லயன் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில்தான் இருக்கிறார். தொலைக்காட்சியில் எட்டு சிறுத்தைகளைக் காட்டில் விட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். "ஏன்டா, அங்க சிறுத்தை இல்லைன்னா இங்க இருக்கிறதைப் பிடிச்சிட்டுப் போக வேண்டியதுதானே? எங்க பிள்ளைங்களாவது நிம்மதியா வாசல்ல விளையாடும்" என்றார். கோபத்தில் குரல் நடுங்கியது. அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் சிறுத்தை குழந்தைகளைத் தூக்கிய கதைகள் நிஜமானவை. இருட்டினால் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவடைப்பதுதான் அங்கே வழக்கம். அப்படி வாழ்கிறவரிடம் அரசாங்கம் செலவு செய்து இன்னும் சிறுத்தைகளை இறக்குகிறது என்று சொன்னால் அவர் என்ன நினைப்பார்? செய்தி எழுதியவர் போட்ட ஒரு தவறான சொல், அத்தையை அரை நாள் அழவைத்தது.

டிசம்பர் 3, காலை

ஒட்டகச்சிவிங்கிக்கு வருகிறேன். கேட்டவர் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்.

கிரேக்கர்கள் அந்த நெட்டைக் கழுத்து விலங்குக்கு காமெலோபார்தாலிஸ் என்று பெயர் வைத்தார்கள். உருவத்தில் ஒட்டகம், தோலில் புள்ளி, ஆகவே ஒட்டகப் புள்ளிப்புலி. லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கும் அது போய், பல காலம் கேமலோபார்ட் என்றே எழுதினார்கள். தமிழில் பெயர் தேவைப்பட்டபோது ஒட்டகத்தோடு சிவிங்கியைச் சேர்த்தார்கள். அப்படியானால் சிவிங்கி என்று ஒரு விலங்கு தமிழ் பேசுகிறவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது என்றுதானே அர்த்தம்? பழைய அகராதிகளில் அது வேட்டைக்குப் பழக்கும் சிறுத்தை வகை என்ற பொருளில் இருக்கிறது. கன்னடத்திலும் சிவங்கி என்ற பெயர் வழங்கியதை 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த ஆங்கிலேய விலங்கியலாளர்கள் குறித்துவைத்திருக்கிறார்கள்.

விலங்கு போய்விட்டது. ஒட்டகத்தின் வாலில் தொங்கிக்கொண்டு பெயர் மட்டும் பள்ளிப் பாடப்புத்தகத்தில் பிழைத்திருக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட ஒட்டகச்சிவிங்கி என்று சொல்லும். அதில் பாதி எது என்று கேட்டால் பெரியவர்களுக்கே தெரிவதில்லை.

டிசம்பர் 3, மாலை

"சிறுத்தை, சீட்டா இரண்டும் ஒரே வேர்ச்சொல்தானே, ஒலி ஒத்துப்போகிறதே" என்று ஒருவர். இல்லை. சீத்தா சமஸ்கிருதச் சித்ரக என்பதிலிருந்து வருகிறது. சித்ர என்றால் பல நிறமான, புள்ளியிட்ட. சித்திரம் என்று நாம் சொல்வதும் அதே குடும்பம். சிறுத்தை திராவிடச் சொல். கன்னடத்தில் சிரதெ, தெலுங்கில் சிருத, மூன்று மொழியிலும் அது குறிப்பது இன்றைக்கும் நம் மலைகளில் நடமாடும் அந்த ஒரே மிருகத்தைத்தான். ஓசை ஒத்துப்போவது தற்செயல். ஆனால் அந்தத் தற்செயல்தான் நம் செய்தி அறைகளில் குழப்பத்தைப் பெருக்கிவிட்டது என்று நினைக்கிறேன். சீட்டா என்று காதில் விழுந்ததும் கை தானாகச் சிறுத்தை என்று தட்டிவிடுகிறது.

வடக்கிலும் நிலைமை சுத்தம் இல்லை. பல ஊர்களில் சிறுத்தையையும் சீத்தா என்றே கூப்பிடுகிறார்கள். குனோவைச் சுற்றியுள்ள கிராமங்களில் 400 பேருக்கு மேல் 'சீத்தா மித்ர' என்று தன்னார்வலர்களைச் சேர்த்தார்கள். அவர்களுடைய முதல் வேலைகளில் ஒன்று, தேந்துவா வேறு சீத்தா வேறு, இது உங்களைத் தாக்க வராது என்று ஊராருக்குப் புரியவைப்பது. அவர்களில் ஒருவர் முன்பு சம்பல் பள்ளத்தாக்கில் கொள்ளைக்காரராக இருந்தவர்.

டிசம்பர் 4

மைசூரு விலங்குக் காட்சிசாலையில் சிவிங்கியைப் பார்த்தேன். 2020இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து மூன்று வந்தன. போன நேரம் நல்ல வெயில், எல்லாம் நிழலில் படுத்திருந்தன. பக்கத்தில் ஏதோ பறவை கத்துகிறது என்று மரத்தில் தேடிக்கொண்டிருந்தேன், கூண்டுக்காரர் சிரித்துக்கொண்டே கீழே காட்டினார். படுத்திருந்த சிவிங்கிதான் கீச் கீச் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்த உடம்பிலிருந்து அந்தக் குரலை யாரும் எதிர்பார்க்க முடியாது. சிங்கம், புலி, சிறுத்தை போல அதற்குக் கர்ஜிக்க வராது. தொண்டை எலும்பின் அமைப்பே வேறு. வீட்டுப் பூனை மாதிரி குர்ர் என்று தொடர்ந்து ஒலி எழுப்பும்.

நகமும் அப்படித்தான். மற்ற பெரும்பாலான பூனைகளுக்கு நகத்தை உள்ளிழுத்து மூட உறை உண்டு. சிவிங்கிக்கு உறை இல்லை, நகம் எப்போதும் பாதி வெளியே நிற்கும், ஓடும்போது மண்ணைப் பற்ற அது உதவும். அதனால் அதன் காலடித் தடத்தில் நாய்த் தடம் போல நகக்குறி விழும்.

டிசம்பர் 5, மதியம்

வேகம் பற்றி இத்தனை பேர் கேட்பதால் ஒரே தடவையாக. 120 கிலோமீட்டர் என்று எல்லாப் பொது அறிவுப் புத்தகத்திலும் இருக்கிறது. போட்ஸ்வானாவில் காட்டுச் சிவிங்கிகளுக்குக் கழுத்துப்பட்டையில் அளவுக் கருவி மாட்டி 367 ஓட்டங்களைப் பதிந்தார்கள், 2013இல் முடிவு வெளியானது. அதில் உச்சம் மணிக்கு 93 கிலோமீட்டர். பெரும்பாலான வேட்டைகளில் அந்த உச்சத்தை அது தொடவே இல்லை. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது வேறு: வேட்டையை முடிப்பது வேகம் மட்டுமல்ல, சட்டென்று வேகத்தைக் குறைத்து மான் திரும்புகிற பக்கம் தானும் திரும்புகிற திறமைதான். நீண்ட தட்டை வால் அதற்குத்தான். ஓட்டம் சராசரியாக 173 மீட்டர். அதற்குள் கிடைக்கவில்லை என்றால் விட்டுவிடும்.

கிடைத்தாலும் நிம்மதி இல்லை. கழுதைப்புலியோ சிங்கமோ வந்தால் இரையை விட்டு விலகிப் போய்விடும். சண்டையில் ஒரு கால் அடிபட்டால் அடுத்த வேட்டை இல்லை, அதற்கு அது தெரியும். தான்சானியாவின் செரங்கெட்டியில் பிறக்கும் குட்டிகளில் நூற்றுக்கு ஐந்துதான் தாயைப் பிரியும் வயது வரை பிழைத்தன என்று ஒரு நீண்ட ஆய்வு சொன்னது, பெரும்பாலும் சிங்கத்தால் செத்தவை. (கலஹாரிப் பக்கம் பிழைப்பு விகிதம் இதைவிட நல்லது என்று பிற்பாடு வந்தது. செரங்கெட்டி எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு மொத்த இனத்துக்கும் சொல்லக் கூடாது.)

டிசம்பர் 6

"நம் நாட்டில் எப்போது இருந்தது, எப்படிப் போனது?" கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலில் சிவிங்கியை வைத்து மான் வேட்டையாடுவது பற்றி வருகிறது. தக்காணத்தின் நடுவில், இன்றைய கர்நாடகத்தில் ஆண்டவன். சிவங்கி என்ற பெயர் கன்னட நாட்டில் புழங்கியதை முன்பு சொன்னேன், இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

உச்சம் முகலாயர் காலம். அக்பரிடம் ஒரே நேரத்தில் ஆயிரம் சிவிங்கிகள் வரை இருந்ததாகச் சொல்வார்கள். பிடிப்பது எப்படி? குட்டியைப் பிடித்துப் பயன் இல்லை, வேட்டை தாயிடம் கற்க வேண்டியது. அதனால் வளர்ந்த, வேட்டை தெரிந்த விலங்காகத்தான் வேண்டும். சிவிங்கிகள் வழக்கமாக வந்து நகம் கீறி, மூத்திரம் விட்டு அடையாளம் வைக்கும் மரங்கள் உண்டு, அவற்றைச் சுற்றிச் சுருக்கு வைப்பார்கள். பிடித்ததும் கண்ணை மூடித் தோல் முகமூடி. மாதக்கணக்கில் மனிதக் குரலுக்கும் கைக்கும் பழக்குவார்கள். வேட்டை நாளில் மாட்டு வண்டியில் ஏற்றி வெளிமான் மேய்கிற இடத்துக்குப் போவார்கள். மாட்டு வண்டிக்கு மான் மிரளாது, தினமும் பார்க்கிறதுதானே. நெருங்கியதும் முகமூடியைக் கழற்றி விடுவார்கள். பிடித்துவிட்டால் ஒரு மர அகப்பையில் மானின் ரத்தத்தைக் கொடுத்து இரையிலிருந்து பிரிப்பார்கள்.

இதில்தான் அழிவு இருக்கிறது. கூண்டில் சிவிங்கி குட்டி போடுவதே அபூர்வம். ஜஹாங்கீர் தன் குறிப்பில் அரண்மனையில் ஒரு சிவிங்கி குட்டி ஈன்றதை அதிசயமாக எழுதியிருக்கிறார். அதற்கு அடுத்து உலகில் எங்கும் கூண்டில் சிவிங்கி பிறந்ததாகப் பதிவு 1956இல், பிலடெல்பியா விலங்குக் காட்சிசாலையில். நடுவில் மூன்றரை நூற்றாண்டு! ஆகவே அரண்மனையில் ஒன்று செத்தால் காட்டிலிருந்து இன்னொன்று வேண்டும். குட்டி போடும் வயதிலுள்ளவற்றையே தேர்ந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாக எடுத்துக்கொண்டே இருந்தார்கள். யாரும் கொல்ல நினைக்கவில்லை. பெயர் வைத்தார்கள், நகை போட்டார்கள், பல்லக்கில் தூக்கினார்கள், அன்பாகத்தான் வளர்த்தார்கள்.

பிறகு வெள்ளைக்காரர்கள் காலத்தில் 1871 முதல் கொன்றவருக்குப் பரிசுத்தொகை. புல்வெளியெல்லாம் உழவுக்கும் தோட்டத்துக்கும் போனது. மானும் குறைந்தது. 20ஆம் நூற்றாண்டு தொடங்கும்போதே பாவ்நகர், கோலாப்பூர் சமஸ்தானங்கள் வேட்டைச் சிவிங்கியை ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வரவழைக்கும் நிலைக்கு வந்துவிட்டன. 2022இல் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது முதல் முறை இல்லை என்பதை இதற்காகச் சொல்கிறேன்.

டிசம்பர் 6, இரவு

மேலே எழுதியதற்கு ஒரு சேர்க்கை, சென்னைக்காரர்களுக்காக. மதராஸ் கவர்னராக இருந்த ஜார்ஜ் பிகாட் 1760களில் மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு ஒரு சிவிங்கியைப் பரிசாகக் கொண்டுபோனார், கூடவே அதைப் பழக்கிய இரண்டு இந்தியர்களையும். விண்ட்சர் பூங்காவில் அதை ஒரு கலைமான்மீது ஏவிக் காட்டினார்கள். கலைமான் ஓடவில்லை, கொம்பைத் தாழ்த்தி எதிர்த்து நின்றது, சிவிங்கி பின்வாங்கிவிட்டது. ஓடுகிற மானைத் துரத்தத்தான் அது பிறந்தது, நின்று முட்டுகிற விலங்கை என்ன செய்யும்? ஜார்ஜ் ஸ்டப்ஸ் அந்தச் சிவிங்கியையும் இரண்டு இந்தியர்களையும் மானையும் பெரிய ஓவியமாக வரைந்தார், இன்று மான்செஸ்டர் கலைக்கூடத்தில் இருக்கிறது. வெள்ளை அங்கியும் தலைப்பாகையுமாக, ஒருவர் சிவிங்கியின் இடுப்பு வாரைப் பிடித்திருப்பார், இன்னொருவர் மானைக் கைகாட்டுவார். அந்த இருவரைத்தான் நான் அதிக நேரம் பார்ப்பேன். இந்தத் தொழில் தெரிந்த கடைசித் தலைமுறைகள் எங்கே, எந்த ஊரில், எந்தப் பெயரோடு மறைந்தன என்று யோசித்தால் மனசு தாங்கவில்லை.

டிசம்பர் 8

கடைசிச் சிவிங்கி பற்றி எல்லோரும் சொல்லும் கதை: 1947இல் இன்றைய சத்தீஸ்கரில் இருக்கும் கொரியா சமஸ்தானத்து அரசர் ராமானுஜ் பிரதாப் சிங் தேவ் இரவில் காரில் போகும்போது மூன்று ஆண் சிவிங்கிகளைச் சுட்டார். படம் இருக்கிறது, மூன்றும் வரிசையாகக் கிடக்க அவர் துப்பாக்கியோடு நிற்கிறார். 1952இல் அரசு இந்த இனம் இந்தியாவில் அற்றுப்போனது என்று அறிவித்தது.

ஆனால் அதே 1952இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வெளியான இன்னொரு குறிப்பை யாரும் பேசுவதில்லை. சித்தூர் மாவட்டத்தில் சிவிங்கியைப் பார்த்ததாக கிர்க்பாட்ரிக் என்பவர் எழுதியது. சித்தூர் அப்போது மதராஸ் மாநிலம். ஆந்திரம் பிரிந்தது 1953 அக்டோபரில்தான். வேலூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும் ஊர் சித்தூர். எங்கோ வடக்கே ராஜாக்கள் வேட்டையாடிய மிருகம் என்று நாம் நினைப்பது தப்பு. அது நம் தாத்தாக்கள் காலத்தில் நம் மாநில எல்லைக்குள் இருந்த மிருகம்.

டிசம்பர் 9

"மனிதரைக் கொல்லுமா?" காட்டிலிருக்கும் சிவிங்கி மனிதரைக் கொன்றதாக நம்பகமான பதிவு இல்லை. இந்தியாவில் பதிவான ஒரே சாவு 1880இல் விசாகப்பட்டினத்தில்; கவர்னரின் முகவராக இருந்த இர்வின் என்ற அதிகாரி. அவரைத் தாக்கியது விஜயநகரம் அரசர் வேட்டைக்காக வளர்த்த சிவிங்கி, காட்டு விலங்கு இல்லை. அத்தையிடம் இதைச் சொன்னேன். "அப்போ அதைச் சிறுத்தைன்னு ஏன் சொன்னாங்க?" என்று திருப்பிக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

டிசம்பர் 11

குனோ பற்றி என் கருத்தைக் கேட்டு மூன்று நான்கு பேர். நடந்ததை முதலில்.

நமீபியாவிலிருந்து எட்டு, 2023 பிப்ரவரி 18 அன்று தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டு. நமீபியா விமானத்தின் மூக்கில் புலி முகம் வரைந்திருந்தார்கள், குழப்பம் அங்கேயே ஆரம்பம். முதல் சாவு மார்ச் 27, சாஷா என்ற பெண் சிவிங்கி, சிறுநீரகக் கோளாறு. மே மாதம் தக்ஷா என்ற பெண், இணைசேர விட்ட ஆண்களின் தாக்குதலில் செத்தது. அதே மாதம் ஜ்வாலா ஈன்ற நான்கு குட்டிகளில் மூன்று வெயிலில் போய்விட்டன. ஜூலையில் தேஜஸ், சூரஜ்.

இந்த ஜூலைச் சாவுகள்தான் என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் ஜூன் முதல் குளிர்காலம். அந்த விலங்குகளின் உடம்பு அந்த நாட்காட்டியை விடவில்லை, இங்கே ஆடி மாதத்தில் குளிருக்கான அடர்ந்த முடியை வளர்த்தது. இங்கே ஆடியில் குனோவில் மழை. ரேடியோ கழுத்துப்பட்டைக்கு அடியில் முடி நனைந்து காயவே இல்லை, தோல் புண்ணாகி, ஈ முட்டையிட்டு, புழு வைத்து, ரத்தத்தில் நஞ்சேறிச் செத்தன. புலிக்கு மாட்டுகிற அதே மாதிரிப் பட்டைதான், புலிக்கு ஒன்றும் ஆகவில்லை. பூமத்திய ரேகையைத் தாண்டிக் கொண்டுவந்தால் உடம்பின் பருவம் ஆறு மாதம் தள்ளி இருக்கும் என்பதை முன்கூட்டி யோசித்திருக்கலாம். பிறகு வெளியே விட்டவற்றையெல்லாம் வேலிக்குள், அதாவது போமாவுக்குள், திருப்பிக் கொண்டுவந்து சிகிச்சை கொடுத்தார்கள்.

நல்லதும் நடந்தது. ஜ்வாலாவின் நான்கில் பிழைத்த ஒரு பெண் குட்டியை ஆட்கள் கையால் வளர்த்தார்கள், முகி என்று பெயர். 2025 நவம்பரில் முகி ஐந்து குட்டிகள் ஈன்றது. இந்திய மண்ணில் பிறந்த சிவிங்கி தாயானது பல பத்தாண்டுகளுக்குப் பிறகு இதுதான் முதல் முறை. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைக்க மாட்டேன்.

டிசம்பர் 11, பின்னிரவு

மேலே "முன்கூட்டி யோசித்திருக்கலாம்" என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு "அப்படியானால் திட்டமே வேண்டாமா" என்கிறார்கள். அவ்வளவு எளிதில் சொல்ல முடியவில்லை. குனோ தேசியப் பூங்கா 748 சதுர கிலோமீட்டர். செரங்கெட்டியில் ஒரே ஒரு பெண் சிவிங்கி சுற்றும் பரப்பு 800 சதுர கிலோமீட்டரைத் தாண்டும். ரவி செல்லம் போன்ற அறிவியலாளர்கள் ஆரம்பத்திலிருந்தே இடம் போதாது என்று சொல்லி வருகிறார்கள், எனக்கு அது சரியாகவே படுகிறது. 2025 ஏப்ரலில் இரண்டு ஆண்களை காந்தி சாகர் சரணாலயத்துக்கு மாற்றியதும் இட நெருக்கடியைக் காட்டுகிறது.

ஆனால் வேண்டாம் என்று முழுசாகச் சொல்லவும் மனம் வரவில்லை. சிவிங்கி வந்தபிறகுதான் இந்தியப் புல்வெளி என்ற சொல்லே தலைப்புச் செய்தியில் வந்தது.

டிசம்பர் 12

"ஆப்பிரிக்கச் சிவிங்கி நம்முடையது இல்லையே, ஈரானிலிருந்து கொண்டுவந்திருக்கலாமே."

இரண்டும் ஒரே இனம், வெவ்வேறு உள்ளினம். பிரிந்து 32,000 முதல் 67,000 ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று ஒரு மரபணு ஆய்வு. நம்மிடம் இருந்தது ஆசியச் சிவிங்கி. 1970களில் ஈரானோடு பேச்சு நடந்தது, நாம் சிங்கம் கொடுப்பது அவர்கள் சிவிங்கி கொடுப்பது என்று. 1979 புரட்சியோடு அது நின்றது. இன்று கேட்கவே கூடாது. 2022இல் ஈரான் அதிகாரி ஒருவர் தங்கள் நாட்டில் பன்னிரண்டுதான் மிச்சம் என்றார், ஒன்பது ஆண், மூன்று பெண். அந்த நாட்டுக்கு வெளியே ஆசியச் சிவிங்கி உலகில் எங்கும் இல்லை. தெஹ்ரானிலிருந்து மஷ்ஹத் போகும் நெடுஞ்சாலையில் லாரி அடித்துச் சாகின்றன. 2022 மே மாதம் கூண்டில் பிறந்த பீரூஸ் என்ற குட்டிக்காக அந்த நாடே ஏங்கியது, 2023 பிப்ரவரி 28 அன்று சிறுநீரகம் செயலிழந்து போய்விட்டது. சாஷா செத்தது அதற்கு ஒரு மாதம் கழித்து, அதே சிறுநீரகம். சிவிங்கிகளின் மரபணு வேறுபாடு மிகக் குறைவு. முற்காலத்தில் ஒரு பேரழிவிலிருந்து கொஞ்சமே பிழைத்துப் பெருகியவை. ஒன்றின் தோலை உறவில்லாத இன்னொன்றில் ஒட்டவைத்தபோது உடம்பு ஏற்றுக்கொண்டது என்று 1980களிலேயே காட்டினார்கள்.

டிசம்பர் 14

குனோ சிவிங்கிக்காக உருவான காடு இல்லை. குஜராத்தின் கிர் காட்டில் மட்டும் இருக்கும் சிங்கங்களுக்கு இரண்டாவது வீடாகத் தயாரானது. அதற்காக இருபத்துநான்கு கிராமங்களைக் காலி செய்தார்கள், பெரும்பாலும் சகரியா பழங்குடிகள். 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சிங்கத்தைக் கொண்டுபோகச் சொன்னது, ஆப்பிரிக்கச் சிவிங்கித் திட்டத்தை ரத்து செய்தது. குஜராத் சிங்கத்தைத் தரவில்லை. 2020 ஜனவரியில் அதே நீதிமன்றம் சோதனை முறையில் சிவிங்கியைக் கொண்டுவர அனுமதித்தது. சிங்கம் வரும் என்று சொல்லி எழுப்பப்பட்டவர்கள் இன்று வேறொரு மிருகத்தைப் பார்க்க வரும் சுற்றுலா ஜீப்புகளைப் பார்க்கிறார்கள். யார் எந்த மிருகத்துக்குக் கட்சி கட்டினாலும், அந்த மக்களுக்குச் சொன்ன வாக்கு என்ன ஆனது என்பதை முதலில் கேட்க வேண்டும்.

டிசம்பர் 15

வல்லநாட்டுக்காரர் ஒருவர் "எங்கள் ஊரில் விட்டால் என்ன, வெளிமான் நிறைய இருக்கிறது" என்கிறார். தூத்துக்குடி மாவட்டத்து அந்தச் சரணாலயம் பதினாறு சதுர கிலோமீட்டர் சொச்சம். முன்பு எழுதிய 800 சதுர கிலோமீட்டர் கணக்கோடு ஒப்பிடுங்கள், ஒரு சிவிங்கியின் காலை நடைக்குக் காணாது. அங்கே நானும் போயிருக்கிறேன். குடைவேலமும் கல்லுமாக ஒரு குன்று, சுற்றிலும் ஊர், ரோடு. திருகுக் கொம்போடு ஒரு கிடா மான் ஓடியது, பின்னால் யாரும் இல்லாமலே அப்படி ஓடியது. அந்த வேகம் எதிலிருந்து தப்பிக்கக் கற்றதோ அது இப்போது இல்லை.

சிவிங்கிக்கு வேண்டியது அடர்ந்த காடு இல்லை, புல்லும் புதரும் கலந்த வெட்டவெளி. நம் வருவாய்த்துறைக் கணக்கில் அந்த நிலத்துக்குப் பெயர் தரிசு. தரிசு என்றால் யாருக்கும் வேண்டாதது, சோலார் தகடு பதிக்கலாம், தைலமரம் நடலாம், ஆலை கட்டலாம். வெளிமான், நரி, ஓநாய், கானமயில் எல்லாம் அந்தத் தரிசின் குடிகள். மரம் நட்டால் நல்லது என்று நம்பிப் புல்வெளியில் குழி தோண்டுகிறவர்களோடு நான் சண்டையே போட்டிருக்கிறேன். சிவிங்கி வேண்டும் என்கிறவர்கள் முதலில் ஒரு தாலுகாவின் மேய்ச்சல் புறம்போக்கையாவது காப்பாற்றிக் காட்டட்டும்.

டிசம்பர் 17

ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருக்கும் நண்பரிடம் இதையெல்லாம் பேசினேன். "சிவிங்கி என்று போட்டால் யாருக்கும் புரியாது, ஒட்டகச்சிவிங்கி என்று நினைப்பார்கள். சிறுத்தை என்றால் எல்லோருக்கும் தெரியும்" என்றார். தெரிந்த சொல் என்பதுதான் பிரச்சினையே. தெரிந்த மிருகத்தின் பெயரைப் போட்டால் வாசகர் மனதில் அந்த மிருகமே வந்து நிற்கும். அந்த மிருகம் தாக்கும், தூக்கும், ஊருக்குள் வரும். சிவிங்கிப்புலி என்று முதல் வரியிலும், அடைப்புக்குறி எதுவும் இல்லாமல் அதே கட்டுரை முழுக்கவும் நான்கு முறை எழுதினால் ஐந்தாம் முறை எவருக்கும் புரியும். டைனோசர் புரியவில்லையா? 2022இலேயே சில செய்தித்தளங்கள் சிவிங்கிப்புலி என்று எழுதத் தொடங்கின, யாருக்கும் சிரமம் வரவில்லை. சீட்டா என்று எழுதுகிறவர்களோடும் எனக்குத் தகராறு இல்லை, குறைந்தது அது வேறு விலங்கு என்று தெரியும். சிறுத்தை மட்டும் வேண்டாம்.

அவர் அடுத்த செய்தியில் மாற்றிப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

டிசம்பர் 18

கோவைப் பக்கத்திலிருந்து ஒருவர் அனுப்பிய வாட்ஸப் படத்துக்கு: "மருதமலை அடிவாரத்தில் சீட்டா நடமாட்டம்" என்று எழுதியிருக்கிறது. முகத்தில் கறுப்புக் கோடு இல்லை, தோளில் உடைந்த வளையப் புள்ளிகள் தெளிவாகத் தெரிகின்றன, கழுத்து தடித்திருக்கிறது. அது சிறுத்தை. தமிழ்நாட்டின் எந்தக் காட்டிலும் இன்று சிவிங்கி கிடையாது. மற்ற குழுக்களுக்கு அனுப்பாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள், நாயையும் ஆட்டையும் இரவில் உள்ளே கட்டுங்கள், சின்னப் பிள்ளைகளைத் தனியாக வெளியே விடாதீர்கள்.